நார்க்கழிவு மக்க நொதி பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: கடையம் பக்கம் தோட்டம். தும்பு ஆலையில் இருந்து ரெண்டு டிராக்டர் தென்னை நார்க்கழிவு வாங்கி, பாதியை வாழைக்குப் போட்டேன். மக்கவே இல்லை, இலை மஞ்சளாகிறது. மீதிக் குவியலில் ஊற்றச் சொல்லி, நாரைக் கெட்டியாக்கும் லிக்னினைக் கரைக்கும் நொதி என்று கடையில் ஒரு பாட்டில் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி, அந்தக் காசுக்குச் சிப்பிக்காளான் வித்து வாங்குங்கள்.

முதலில் வாழையைப் பார்ப்போம். பச்சை நார்க்கழிவில் கரி (கார்பன்), தழைச்சத்து விகிதம் 100-க்கு 1 என்ற அளவுக்கு மேல் இருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணில் இருந்து எடுத்துக்கொள்வதால் வாழை பட்டினி கிடக்கிறது, மஞ்சளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தூரைச் சுற்றிக் கிடப்பதை இழுத்து எடுத்துவிட்டு, வழக்கமான யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வையுங்கள்.

இனி பாட்டில். நார்க்கழிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிக்னின். அதை உடைக்கும் நொதிகளில் லாக்கேஸுக்குக் காற்று வேண்டும், மாங்கனீசு பெராக்சிடேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். இந்தப் பெராக்சைடைச் சிப்பிக்காளான் போன்ற பூஞ்சை தானே உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று, நொதி உருவத்தில் பெரியது, நாருக்குள் நுழையாது. அதனால் அது சின்ன உருவமான மாங்கனீசை ஆக்சிஜனேற்றி, தூதுவன் மாதிரி உள்ளே அனுப்பி வேலையை முடிக்கிறது. உயிருள்ள பூஞ்சை இல்லாமல் நொதியை மட்டும் ஊற்றினால் யார் இதையெல்லாம் செய்வது?

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிதானது. ஒரு டன்னுக்கு 5 பாட்டில் வித்து, 5 கிலோ யூரியா. நிழலில் 100 கிலோவைப் பரப்பி ஒரு பாட்டில் வித்தைத் தூவுங்கள், மேலே அடுத்த 100 கிலோ போட்டு ஒரு கிலோ யூரியா, இப்படியே மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், அம்மோனியா வாடை கிளம்பினால் பூஞ்சை இழை கருகிவிடும். ஈரம்தான் பலரும் கோட்டை விடுகிற இடம்: ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் காற்று அடைபட்டு அழுகின முட்டை வாடைதான் வரும். ஐப்பசி மழைக்கு முன் கூரையோ தார்ப்பாயோ போட்டுவிடுங்கள், பக்கவாட்டை மட்டும் திறந்து வையுங்கள்.

நல்லதுதானே என்று டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், அது சிப்பிக்காளானுக்கு எதிரி, பச்சைப் பூசணமாய்ப் படர்ந்து அமுக்கிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு மாதத்தில் கருத்துவிடும், கரி, தழைச்சத்து விகிதமும் 24-க்கு 1 பக்கம் இறங்கும். மழை பெய்த மண் வாசனை வந்து, குவியலுக்குள் சூடும் அடங்கின பிறகு வாழைக்குப் போடுங்கள். குவியலில் காளான் பூத்தால் பறித்துச் சமைக்க வேண்டாம், கூடவே காட்டுக்காளானும் முளைத்திருக்கும்.