ஒரு மாதம் விளம்பரம் செய்தும் ஊறுகாய் விற்கவில்லை, விட்டுவிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே ஊறுகாயும் மசாலாப் பொடியும் விற்கிறீர்கள். ஒரு மாதம் ஃபேஸ்புக்கில் காசு கட்டியும் பலனில்லை என்கிறீர்கள். தொழிலை விடாதீர்கள், அந்தச் செலவை விடுங்கள்.

சாப்பாட்டுச் சாமானை முகம் தெரியாதவரிடம் யாரும் சட்டென்று வாங்க மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களை உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்; ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் அப்படிச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். வாரம் ஒரு செய்தி, அதே கிழமையில், போதும். தினமும் ‘குட் மார்னிங்’ பூப்படம் வந்தால் நானே பிளாக் செய்துவிடுவேன்.

உங்களுக்குப் பெரிய சீசன் புரட்டாசி. டர்பனில் பல தமிழ் வீடுகளில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. சோற்றுக்குத் துணை ஊறுகாய்தானே! மாதம் பிறக்கும்வரை காத்திராமல் ஆகஸ்டிலேயே சொல்லத் தொடங்குங்கள். அடுத்து தீபாவளி, தைப்பூசக் காவடி.

கோயில் குழுவிலிருந்து எண்களை அள்ளி விளம்பரம் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அனுப்ப அவர் சம்மதம் வேண்டும் என்கிறது போபியா (POPIA) என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை முதல் அது கண்டிப்பாக அமலில் இருக்கிறது.

புதிதாக வருகிறவரிடம் “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.