குறி பார்ப்பதில் இடக்கண் ஓங்கியிருந்தால் வில்லைக் கை மாற்றலாமா?

தம்பி, வலக்கையால் நாண் இழுக்கிறேன், இரண்டு கண்ணும் திறந்திருந்தால் அம்பெல்லாம் இடப்பக்கம் ஒதுங்குகிறது என்கிறீர்கள். பழகி 3 மாதம்தானே, தாராளமாகக் கை மாற்றுங்கள்.

அதற்கு முன், மண்டபம் கரையில் நின்று இரு கைகளையும் நீட்டி, நடுவே சின்ன ஓட்டை விட்டுத் தூரத்துப் படகின் கொடியைப் பாருங்கள். வலக்கண்ணை மூடியும் கொடி ஓட்டைக்குள்ளேயே நின்றால் இடக்கண்தான் எஜமான். கடற்காற்றின் மேல் பழி போடாதீர்கள்!

மாறினால் வில் வலக்கையில், இழுப்பது இடக்கை. ரைசர், அதாவது வில்லின் நடுவே உள்ள கைப்பிடிப் பகுதி, இடக்கைக்காரருக்கானதாக இருக்க வேண்டும். இருப்பதைத் திருப்பிப் பிடித்தால் சரிவராது. நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் விரல் டேபும் அப்படியே. ரைசரின் மேலும் கீழும் வளையும் லிம்ப் மட்டும் இழுக்க லேசானதாகப் பாருங்கள். நான் மாறியபோது முதல் வாரம் இடத்தோள் வெடவெடவென்று நடுங்கியது. 5 மீட்டரில், குறி ஒட்டாத வெறும் வைக்கோல் பலகையில் எய்துதான் கை படிந்தது.