ஒரே விமானம், ஒரு பணிக்காலம்

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். பிளஸ் டூ முடித்த என் மகள் ஏரோநாட்டிகல்தான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரில் விமானப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவோ, “என் சர்வீஸ் முழுக்க ஒரே விமானத்தோடு போயிற்று” என்கிறார். துணிந்து சேர்க்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: சித்தப்பா அதைச் சலித்துக்கொண்டு சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை, இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் அவர் மிகைப்படுத்தவில்லை. உதாரணத்துக்கு, இந்தியாவில் உருவான தேஜஸ் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தத் திட்டத்துக்கு 1983-இல் அரசு ஒப்புதல் அளித்தது. அது முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. விமானப்படையின் ஸ்குவாட்ரனில் சேர்ந்தது 2016 ஜூலையில். 1984-இல் 22 வயதில் அந்தப் பணியில் சேர்ந்த ஒருவருக்கு, விமானம் படையில் சேர்ந்தபோது 54 வயது ஆகியிருக்கும். காவேரி எஞ்சினில் உழைத்தவர்கள் பாடு இன்னும் கடினம். தேஜஸுக்கென்றே தொடங்கிய அந்த எஞ்சின் அதில் ஏறவே இல்லை, அமெரிக்க எஃப்404 எஞ்சின்தான் ஏறியது.

இத்தனை ஆண்டுகள் எதில் கரைகின்றன என்பதை மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகவே தேஜஸ் நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டது; ஆகவே விமானியின் கையசைவைக் கணினி வாங்கிக்கொண்டு, இறக்கையின் அசையும் பகுதிகளை இடைவிடாமல் திருத்தியபடி இருக்கிறது; இந்தக் கணினிக் கட்டுப்பாட்டில் ஒரு தடம் பழுதானாலும் சமாளிக்க, ஒரே வேலையைச் செய்யும் நான்கு தடங்கள் உண்டு. இவற்றைப் பறக்கவிடுமுன், ‘அயர்ன் பேர்ட்’ எனப்படும், தரையைவிட்டு எழும்பாத சோதனை அமைப்பில் ஹைட்ராலிக் பாகங்களோடு இணைத்து மாதக்கணக்கில் இயக்கிப் பார்ப்பார்கள். மென்பொருளில் சிறு திருத்தம் செய்தாலும் பழைய சோதனைகளில் பல மறுபடி நடக்கும். இதில் சலிப்புத் தட்டாதவளாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால், பெயர் தெரியாத கல்லூரியில் ஏரோநாட்டிகல் படிப்பதைவிட நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, கேட் தேர்வு எழுதி, மேற்படிப்பில் இத்துறைக்கு வருவதே மேல் என்பேன்.

இன்னொன்று: பழுதுபார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும், பி.இ. பட்டம் அதற்கு ஈடாகாது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னால், அந்தக் கல்லூரிப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.