முதல் குளிர்காலமும் ஒரு பை ஐரிஸ் கிழங்குகளும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். குளிர்நாட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். வீட்டின் பின்னால் சிறு தோட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டி ஆகஸ்ட் கடைசியில் ஒரு காகிதப் பை நிறையத் தாடி ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்குகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கும் என்று கேள்விப்பட்டதும் பயந்துபோய், இவற்றைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோகலாமா, அல்லது ஆழமாகப் புதைத்துக் கதகதப்பாக மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இரண்டாவதை நானே செய்து, அதன் பலனை என் கண்ணால் பார்த்தவன்.

22 ஆண்டுகளுக்கு முன், வந்த முதல் இலையுதிர்காலத்தில், எனக்கும் இப்படித்தான் பன்னிரண்டு கிழங்குகள் கிடைத்தன. பார்ப்பதற்கு இஞ்சியைப் போலவே இருந்ததால் இஞ்சியை நடுவதுபோலவே ஒரு சாண் ஆழத்தில் நட்டேன். குளிரில் நடுங்குமே என்று உதிர்ந்த இலைகளை முழங்கால் உயரம் குவித்தேன். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திக் கல் வைத்தேன். ஏப்ரலில் விரிப்பை எடுத்தபோது முதலில் வந்தது நாற்றம். ஒரு கிழங்கை எடுக்கக் கை வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. தோல் மட்டும் முழுதாக இருந்தது, உள்ளே கூழ். ஒன்பது கிழங்குகள் அப்படியே போயின. பிழைத்த மூன்றும் பாத்தியின் விளிம்பில் இருந்தவை. அங்கே விரிப்பு எட்டவில்லை, இலையும் நிற்கவில்லை. இலையுதிர்கால மழையில் மண்ணும் அரித்துப்போய், வெறும் முதுகோடு குளிர்காலம் முழுவதும் பனியில் கிடந்தவை. அடுத்த ஆண்டு அவைதான் பூத்தன.

அன்று புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் செடியைக் குளிர் கொல்வதில்லை. தேங்கும் ஈரமும் மூச்சுமுட்டும் மூடாக்கும்தான் கொல்கின்றன. அமெரிக்க வேளாண் துறை குளிரின் கடுமையை வைத்து நிலப்பகுதிகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் மைனஸ் 40 வரை இறங்கக்கூடிய 3ஆம் மண்டலத்திலும் தாடி ஐரிஸ் வளர்கிறது. இதன் மூதாதைகளில் ஒன்றான ஐரிஸ் பல்லிடா, ஆட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவின் கல்பாங்கான சரிவுகளைச் சேர்ந்தது. மழை பெய்தால் நீர் நில்லாமல் ஓடிவிடும் நிலம் அது. கோடையில் வெயில் கிழங்கின்மேல் நேராக விழும். அந்தச் சரிவை உங்கள் தோட்டத்தில் ஒரு முழம் அகலத்துக்கு உண்டாக்கிக் கொடுத்தால் போதும்.

வீட்டுக்குள் கொண்டுபோவதைப் பற்றி: உள்ளே வைத்தால் இலை விடலாம், பூக்காது. பூந்தண்டு உருவாக இதற்குப் பல வாரக் குளிர் வேண்டும். குளிரே இல்லாத வெப்ப நாடுகளில் இது பச்சை வாளாக நின்றுகொண்டே இருக்கும், பூவைக் காண முடியாது. முதல் குளிர்காலத்தில் நான் ஜன்னல் அருகே உட்கார்ந்து, எப்போது முடியும் இது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்களும் எண்ணுவீர்கள். அப்போது உங்கள் தோட்டத்தில் பனிக்கடியில் ஒரு செடிக்கு அந்த ஒவ்வொரு நாளும் தேவையாக இருக்கிறது என்று தெரிந்திருப்பது பெரிய ஆறுதலாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். இந்த வாரமே நட்டுவிடுங்கள். நிலம் உறைவதற்கு முன் வேர் பிடிக்கக் குறைந்தது 6 வாரம் வேண்டும். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை சரியான காலம். அதற்குப் பின் நட்டால் குளிர்காலம் முந்திக்கொள்ளும்.

இடம்தான் பாதி வெற்றி. நாளுக்கு 6 மணி நேர வெயில் விழ வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயருகே கூடாது. வண்டி நிறுத்தும் பாதையின் ஓரமும் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது, எனக்கும் யாரும் சொல்லவில்லை: குளிர்காலத்தில் அந்தப் பாதையில் தள்ளும் பனியெல்லாம் ஓரத்தில்தான் குவியும். பனியுருக்கத் தூவும் உப்பும் அதோடு சேர்ந்து வரும். பகலில் உருகி இரவில் உறைந்து, கடைசியில் பாத்தியின்மேல் கண்ணாடிப் பாளம்போல் பனிக்கட்டி படிந்துவிடும். மேலே பொலபொலவென்று விழும் பனி நல்ல போர்வை. இந்தப் பாளமும் உப்புநீரும் கிழங்குக்குப் பகை. உங்கள் மண் களியாக இருந்தால் அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டுங்கள். மணல் கலந்து சரிசெய்ய நினைக்காதீர்கள். களியில் கொஞ்சம் மணல் கலந்தால் இறுகிப்போகும். மக்கிய உரம் கலந்து உயர்த்துவதே நல்லது.

நடும்போது ஒரு குழிக்குப் பதிலாக இரண்டு சிறு பள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தோண்டி, நடுவில் ஒரு மண் வரப்பை விடுங்கள். கிழங்கை அந்த வரப்பின்மேல் உட்காரவைத்து, வேர்களை இரு பக்கப் பள்ளங்களிலும் தொங்கவிடுங்கள். பிறகு பள்ளங்களை நிரப்பி, கையால் நன்றாக அழுத்துங்கள். அழுத்தம் முக்கியம், வேரைச் சுற்றிக் காற்றிடைவெளி இருந்தால் கிழங்கு பனியில் எழும்பிவிடும். முடிந்தபின் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், அல்லது மேலே ஒரு பூச்சு மண் இருக்கலாம், அவ்வளவுதான். கிழங்கிலிருந்து விசிறிபோல் விரிந்து நிற்கும் இலைக்கொத்தை, அதாவது இலை விசிறியை, ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வேர் பிடிக்காத கிழங்கால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது, காற்றும் பிடித்து ஆட்டும். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி விடுங்கள். ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பின் மண் காய்ந்தால் மட்டும்.

குழந்தை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கிழங்கு நச்சுத்தன்மை உடையது, சாறு தோலில் அரிப்பு தரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நட்டு முடியும்வரை பையை உயரத்தில் வையுங்கள்.

முதல் குளிர்காலத்தில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும், பிறகு இளகும், மறுபடி உறையும். இந்த ஏற்ற இறக்கத்தில், வேர் ஊன்றாத கிழங்கை மண்ணே வெளியே தள்ளிவிடும். மூடாக்கு வேண்டியது இதற்குத்தான். கதகதப்புக்காக அல்ல, உறைந்த மண் உறைந்தே இருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே மண் கல்லாக இறுகியபின்தான் போட வேண்டும். ஊசியிலை மரக் கிளைகள் மிக நல்லவை. காற்று புகும், படியாது. வைக்கோலும் பரவாயில்லை. அகன்ற இலைச் சருகு கூடவே கூடாது, நனைந்து ஒட்டி அட்டையாகிவிடும். பனி கரையத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கிளைகளை எடுத்துவிடுங்கள். ஏதாவது கிழங்கு எழும்பியிருந்தால் உள்ளே குத்தி அழுத்தாதீர்கள், வேர் அறுந்துபோகும். இரு பக்கமும் மண் அணைத்தால் போதும். அடுத்த ஆண்டிலிருந்து மூடாக்கே தேவையில்லை.

புழுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இருக்கும் நமக்கு ஐரிஸ் துளைப்பான் புழுதான் பெரிய எதிரி. அதன் அந்துப்பூச்சி இலையுதிர்காலத்தில் காய்ந்த ஐரிஸ் இலைகளில் முட்டையிடும். குளிர்காலத்தை முட்டை அங்கேயே கழித்துவிட்டு, வசந்தத்தில் பொரியும். எனவே உறைபனி நன்றாக விழுந்தபின் காய்ந்த இலைகளையெல்லாம் வெட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இந்த ஒரு வேலை மருந்து தெளிப்பதைவிட மேல். மே மாதத்தில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு கடிபட்டு, நடுவில் தண்ணீர்க் கோடுபோல் ஒரு தடம் கீழ்நோக்கி இறங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்தத் தடத்தின் நுனியை விரலால் அழுத்தி நசுக்கிவிடலாம். விட்டுவிட்டால் கோடையில் கிழங்குக்குள் இறங்கும். அது துளைத்த வழியாக அழுகல் கிருமி நுழையும். அழுகல் கண்டால் கரண்டியால் மென்மையான பகுதி முழுவதையும் சுரண்டி எடுத்து, ஒரு பங்கு வெளுப்பானுக்கு (ப்ளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெட்டுவாய் வெயிலில் காயும்வரை விடுங்கள். பெரும்பாலும் பிழைத்துவிடும்.

உரம் குறைவாகவே போதும். தழைச்சத்து மிகுந்த உரம் ஆகாது. இலை கொழுக்கும், கிழங்கு இளகும், அழுகலை நாமே வரவேற்றதாகிவிடும். புல்வெளிக்குப் போடும் உரம் பாத்திப் பக்கம் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விசிறி ஒருமுறைதான் பூக்கும். அதன் இரு பக்கமும் முளைக்கும் பக்கக் கிழங்குகளே பிறகு பூப்பவை. மூன்று, நான்கு ஆண்டுகளில் நெருக்கம் தாங்காமல் பூ குறையும். அப்போது பூத்து முடிந்த ஓரிரு மாதத்தில் தோண்டி, நடுவிலுள்ள கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு இளசுகளைப் பிரித்து நட வேண்டும். உங்கள் மூதாட்டி பை நிறையக் கொடுத்தது இதனால்தான். ஐரிஸ் வளர்ப்பவர்களிடம் எப்போதும் மிச்சம் இருக்கும். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மூன்று நட்புகளும் ஆகஸ்ட் மாத ஐரிஸ் பைகளால் வந்தவை. போய் நன்றி சொல்லுங்கள், எங்கே நட்டீர்கள் என்று காட்டுங்கள். அவருடைய பாத்தியையும் பாருங்கள். உங்கள் தெருவின் மண்ணையும் காற்றையும் என்னைவிட அவர் அறிவார்.

பின்னால் வாங்க ஆசைப்பட்டால் ஒரு சொல்: காற்று அதிகம் அடிக்கும் இடத்தில் குட்டை வகைகளே நிம்மதி. 70 சென்டிமீட்டருக்கு மேல் போகும் உயர வகைகள் பார்க்கப் பேரழகு, ஆனால் மழைக்காற்றில் பூந்தண்டு சாயும். 20 முதல் 40 சென்டிமீட்டர் வரையுள்ள குட்டைகள் முன்னதாகவே, பனி போன சில வாரங்களில் பூத்துவிடும். இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை பூக்கும் என்று விற்கும் வகைகளுக்காகப் பணத்தைச் செலவிடாதீர்கள். நம் உறைபனி மொட்டிலேயே கருக்கிவிடும். பழைய வகைகளை நான் மிகவும் மதிக்கிறேன். 1840இல் பிரான்சில் லெமோன் என்பவர் வெளியிட்ட 'ஹொனோராபிலே' என்ற மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த ஐரிஸ் இன்றும் தோட்டங்களில் பூக்கிறது.

முதல் வசந்தத்தில் பூக்காமல் போனால் மனம் தளர வேண்டாம், தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். நடவு அதிர்ச்சி தீர ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளும் கிழங்குகள் உண்டு.

பையில் பெயர்ச்சீட்டு இல்லை, மூதாட்டிக்கும் நிறம் நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது மே கடைசியில், அல்லது ஜூன் முதலில் தெரிந்துவிடும். பச்சை உறையைக் கிழித்துக்கொண்டு மொட்டு, மடக்கிய குடைபோல் முறுக்கிய நுனியை நீட்டும். முதல் நாள் அது ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும், அதை நம்பிவிடாதீர்கள். மறுநாள் காலை மூன்று இதழ்கள் மேலே கூம்பி நிற்கும், மூன்று கீழே வளைந்து விழும். விழுந்தவற்றின் நடுவில் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல் அந்தத் தாடி. ஒரு பூ மூன்று நாள்கூடத் தாங்காது. ஒரு தண்டில் ஏழெட்டு மொட்டு இருக்கும். என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.