0.075 சரியா, 4.5 சரியா? டோபமின் பம்ப் கணக்கு

கேள்வி: திருகோணமலையில் தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். 60 கிலோ நோயாளருக்கு டோபமின் (இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து), கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்கிரோகிராம். சிரிஞ்சில் 200 மி.கி., மொத்தம் 50 மி.லீ. எனக்கு 0.075 வருகிறது, கூடப் படிப்பவருக்கு 4.5. எது சரி?

பதில்: பம்பில் (சிரிஞ்சை மெதுவாக அழுத்தி மருந்தைச் செலுத்தும் கருவி) போடவேண்டியது 4.5. உங்கள் கணக்கும் பிழையில்லை, பாதியில் நின்றுவிட்டது. 0.075 மி.லீ. என்பது ஒரு நிமிடத்துக்குப் போகவேண்டிய அளவு. பம்ப் கேட்பது ஒரு மணித்தியாலத்துக்குரியதை. 60 ஆல் பெருக்குங்கள், 4.5 வந்துவிடும்.

இந்தக் கேள்வியிலேயே ஒரு பொறி இருக்கிறது. நிறையும் 60, நிமிடமும் 60. ஒன்றைப் பெருக்கியதும் மற்றதும் முடிந்ததுபோலத் தோன்றும். அதனால் 52 கிலோவை வைத்துப் பழகுங்கள்:

5 × 52 = நிமிடத்துக்கு 260 மைக்கிரோகிராம்
260 × 60 = மணித்தியாலத்துக்கு 15,600
சிரிஞ்ச்: 200 மி.கி. என்பது 2,00,000 மைக்கிரோகிராம்; 2,00,000 ÷ 50 = மி.லீ. ஒன்றில் 4,000 மைக்கிரோகிராம்
15,600 ÷ 4,000 = மணித்தியாலத்துக்கு 3.9 மி.லீ.

பிறகு பின்னாலிருந்து வாருங்கள்: 3.9 × 4,000 ÷ 60 ÷ 52. மறுபடி 5 வரவேண்டும். சரிபார்க்கும் மற்றத் தாதி உங்கள் விடையைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது. அவர் முதலிலிருந்து தனியாகச் செய்யவேண்டும்.

மில்லிகிராமை மைக்கிரோகிராமாக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும், அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது கலக்கும்போது நடப்பது. 200 மி.கி. அம்பியூல் 5 மி.லீ. என்றால் அதோடு 45 மி.லீ. சேர்த்தால்தான் மொத்தம் 50. முழு 50 ஐயும் சேர்த்தால் 55 ஆகிவிடும். பம்பில் எண் சரியாக இருக்க, நோயாளருக்கு மருந்து சுமார் 9 சதவீதம் குறைவாகப் போகும்.

பம்ப் இல்லாமல் அதே 200 மி.கி.யை மொத்தம் 500 மி.லீ. ஆக்கினால், 60 கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 45 மி.லீ. மி.லீ.க்கு 60 துளி விழும் மைக்ரோ செட்டில் (துளிக்குழாயில்) நிமிடத்துக்கு 45 துளி, 20 துளி செட்டில் 15. எந்த செட் என்பது உறையிலேயே இருக்கும், எறியமுன் பாருங்கள். ஆனால் நோயாளர் கையை மடக்கினாலே துளி மாறும். பம்ப் கிடைக்கும்வரை பக்கத்தில் நின்று எண்ணத்தான் வேண்டும்.

நிறையையும் கேள்வி கேளுங்கள். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ அம்புலன்ஸில் படுத்தபடி வருபவரைத் தராசில் ஏற்ற முடியாது, உத்தேச நிறைதான். அப்படியானால் “உத்தேசம்” என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு அது தராசில் பார்த்த நிறையாகிவிடும்.

ஹெப்பரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) வந்தால் மட்டும் கவனம். அது பெரும்பாலும் கிலோவுக்கு *மணித்தியாலத்துக்கு* இத்தனை யூனிட் என்று எழுதப்படும். அங்கே நிமிடத்துக்கான 60 ஆல் பெருக்கக்கூடாது, நிறையால் மட்டும் பெருக்குங்கள்.