காமிக்ஸ் வரைய ஒரு டிகிரியா?

காமிக்ஸ் வரைவதைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாமா, நாலு வருஷம் அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்கலாம். ஜப்பானின் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் 2006-இல் மாங்காவுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. (ஊறுகாய் மாங்காய் இல்லை, ஜப்பானியக் காமிக்ஸ்!) பிரபல மாங்கா ஓவியர் கெய்கோ தகெமியா அங்கே பேராசிரியராக இருந்து, 2014-இல் பல்கலைக்கழகத் தலைவராகவே ஆனார்.

உடற்கூறு, பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் முறை), மை வேலை எல்லாம் எந்த ஓவியப் படிப்பிலும் உண்டு. மாங்காவில் கஷ்டமானது 'நேமு'. இறுதிப் படம் போடுவதற்கு முன் பென்சிலில் கிறுக்கும் முன்வரைவுக்கு அங்கே அதுதான் பெயர். எந்தக் கட்டம் பெரிசு, வசனம் எங்கே, பக்கம் புரட்டும் வரை எதை மறைத்து வைப்பது என்பதெல்லாம் இதில்தான் முடிவாகும். மாங்கா வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியர் திருத்தச் சொல்வதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். கோடு அழகாக வருகிறவர்கள்கூட இங்கே திணறுவார்கள். கதை சொல்வது வேறு வித்தை.

சரி, போகலாமா? முதலில் ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ளுங்கள். கூடவே எட்டுப் பக்கக் கதை ஒன்றை வரைந்து முடித்துப் பாருங்கள். முடிக்கத் தோன்றவில்லை என்றால் கல்லூரிக் கட்டணம் மிச்சம்.