பேசும் மொழியைப் பொறுத்து ஞாபகத்தில் நிற்கும் அளவு மாறுமா?

மாறும். எங்கள் அப்பாவே சாட்சி.

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். மாங்காய் சீசனில் மண்டியில் லாரி டிரைவர் போன் நம்பர் சொல்லச் சொல்ல, பேனா கைக்கு வரும்வரை அப்பா வாய்க்குள் முணுமுணுப்பார்: "தொம்மிதி, எனிமிதி, நாலுகு..." ஆறேழு எண்ணில் தட்டிவிடும். "இன்னொருக்கா சொல்லுப்பா" என்பார். நான் "நைன் எய்ட் ஃபோர்" என்று பத்தையும் பிடித்துவிடுவேன். அவருக்கு மறதி வந்துவிட்டது என்றே ரொம்ப நாள் நினைத்தேன். (யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைத் திறக்காமலே சொல்கிற மனுஷர்!)

விஷயம் சொல்லின் நீளத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 2 நொடியில் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் மனசுக்குள் சுழன்றுகொண்டு நிற்கும் என்று உளவியல் ஆய்வாளர் ஆலன் பேட்லியும் கூட்டாளிகளும் 1975இல் காட்டினார்கள். எனிமிதிக்கு வாய் நாலு தரம் அசைய வேண்டும், எட்டுக்கு ரெண்டு, எய்ட்டுக்கு ஒன்று. 1980இல் எல்லிஸ், ஹென்னெலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெல்ஷும் (பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் மொழி) ஆங்கிலமும் பேசுகிறவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல நேரம் கூடுதலாகப் பிடித்தது, நினைவில் நின்றதும் குறைவு. முணுமுணுக்க விடாமல் வாயை வேறு வேலையில் மாட்டிவிட்டால் அந்த வித்தியாசமே காணோம்.

அப்படியானால் அப்பாவும் இங்கிலீஷுக்கு மாறிவிடலாமே என்று ஒருநாள் சொல்ல வைத்தேன். நாலாவது எண்ணிலேயே நின்றுவிட்டார். ஒவ்வொன்றையும் முதலில் தெலுங்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார் பாவம். சொல் குட்டையாக இருந்தால் போதாது, நாக்குக்குப் பழகியும் இருக்க வேண்டும்.

வாக்கிய அமைப்புக்கும் இதில் பங்குண்டு. "போச்சம்பள்ளி சந்தையில அண்ணன் பேரம் பேசி வாங்கிட்டு வந்த கால் நொண்டுற ஆடு" என்றால், கடைசியில் 'ஆடு' வரும்வரை முன்னால் வந்த அத்தனையையும் சுமக்க வேண்டும். ஜப்பானிய, கொரிய மொழிகளும் இந்த மாதிரிதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வு எட்டு மொழிக்காரர்களை ஒப்பிட்டது. இப்படிப் பேசுகிறவர்கள் ஒரு வரிசையின் தொடக்கத்தில் வந்தவற்றை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். தாய்லாந்து மொழி, இத்தாலியம் போல பெயரை முன்னால் வைத்து விவரத்தைப் பின்னால் சொல்கிறவர்களுக்குக் கடைசியில் வந்தவை நன்றாக நின்றன. அந்த எட்டில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அதான் நம்பர்ல முதல் ஆறு மட்டும் நிக்குதா?" என்றார்.